இரண்டு அடுப்பு, ஒரு ஃப்ரிட்ஜ்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று காலை தறியை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, ஊர் முழுக்க. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிவிட்டவள் நான். "காப்பி வேணுமாங்க?" என்று இவரைக் கேட்டால், பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "எனக்கு வேண்டாங் கண்ணு" என்கிறாள்.

வியாபாரி நூல் தருவார், நாங்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். பல வருஷமாக அதே கூலி. உயர்த்தித் தரும்வரை ஓட்டுவதில்லை என்று சங்கத்தில் முடிவு எடுத்திருக்கிறார்கள். எத்தனை நாள் ஆகும் என்று இவரைக் கேட்டேன். மேலே பார்த்தார். மேலே ஓடுதான் இருக்கிறது.

மளிகைக் கடைப் பக்கமே தலை வைத்துப் படுக்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டேன். வீட்டில் இருப்பதை வைத்துச் சமைப்பேன். தறி ஓடுகிறவரைக்கும் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. சௌமியா (பத்தாவது படிக்கிறாள், என் ஒரே மகள்) "அப்ப நூடுல்ஸ்?" என்றாள். நூடுல்ஸும் ஸ்ட்ரைக் என்றேன்.

பொழுது போகவில்லை. அவளுடைய போன வருஷத்து அறிவியல் நோட்டில் பாதி வெள்ளையாகக் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். காகிதம்கூட வாங்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 5, புதன்

இருப்பைச் சோதித்தேன். டப்பா டப்பாவாக இறக்கி வைத்தால் எனக்கே ஆச்சரியம். கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கம்பு கொஞ்சம், போன வெயிலில் போட்ட கத்திரி வத்தல், கொத்தவரை வத்தல், மோர் மிளகாய். எல்லாவற்றுக்கும் பின்னால், எப்போது வாங்கினேன் என்றே தெரியாத ஜவ்வரிசி.

ஃப்ரிட்ஜைப் பற்றி எழுத வேண்டும் என்றால் வீட்டைப் பற்றி எழுத வேண்டும். இந்த வீட்டில் இரண்டு குடும்பம். இவருடைய அண்ணன் சென்னியப்பன், அவர் சம்சாரம் வசந்தாமணி. என் ஓரகத்தி. அவர்கள் பையன் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். பின்பக்கத் தறிக்குடோனில் அண்ணன் தம்பிக்கு ஆளுக்கு நாலு தறி. முன்பெல்லாம் ஒரே சமையல்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் ஒறம்பரையாக, விருந்து சாப்பிட வந்து இலையில் உட்கார்ந்திருந்தபோது, வசந்தாமணி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நல்லாச் சாப்பிடுங்க தம்பி, இன்னைக்கு நான் சமைச்சது. உங்க தங்கச்சி சமைச்சா ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். என் அண்ணனும் சிரித்தான், தடியன். மறுநாளே நான் தனி அடுப்பு வாங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரே சமையலறையில் இரண்டு அடுப்பு. வடக்கு மேடை அவளுடையது, தெற்கு மேடை என்னுடையது. ஃப்ரிட்ஜை மட்டும் அறுத்துப் பங்கு போட முடியவில்லை. ஃப்ரீசரில் இடது பாதி அவளுக்கு, வலது பாதி எனக்கு, நடுவில் ஐஸ் தட்டு. அவள் பக்கத்தில் துருவிய தேங்காயும் உரித்த துவரங்காயும் எப்போதும் நிறைந்திருக்கும். பெரிய பணக்காரி.

பேச்சு கிடையாது.

பிப்ரவரி 8, சனி

பேச்சு கிடையாது என்று எழுதியது முழு உண்மையில்லை. நேராகப் பேசுவது கிடையாது. பாத்திரத்தோடு பேசுவோம்.

இன்று அவள் தன் வடைச்சட்டியைப் பார்த்து, "கெரைண்டரக் கழுவி வெச்சா அடுத்தவங்களுக்கு ஒதவும்" என்றாள். நான் என் குக்கரைப் பார்த்து, "கழுவித்தான் வெச்சிருக்குது, கண்ணிருந்தாத் தெரியும்" என்றேன். வடைச்சட்டி சற்று யோசித்துவிட்டு, "ஆமா, கழுவித்தான் இருக்குது" என்றது. நியாயமான வடைச்சட்டி.

மத்தியானம் கொள்ளு கடைந்து, அந்தத் தண்ணீரிலேயே ரசம். ராத்திரிக்கும் அதே ரசம்.

பிப்ரவரி 12, புதன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன்.

ஃப்ரீசரில் என் பக்கம் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருந்தால்தான் அதிசயம். திறந்தால் பழுப்பாக ஒரு கட்டி. கடைந்த கொள்ளு மிஞ்சியதைப் போட்டு வைத்தது என்று நினைத்தேன். உருக்கினேன். கடுகு, வரமிளகாய், பூண்டு எல்லாம் தட்டித் தாளித்துக் கொட்டி, சூடான சோற்றில் போட்டு இவருக்கு வைத்தேன். அது ஒப்புட்டுக்குச் செய்த பூரணம். வெல்லமும் கடலைப்பருப்பும் ஏலக்காயும்.

இவர் மூன்று வாய் சாப்பிட்டார். நாலாவது வாயில் நிறுத்தி, "கோகிலா, இது சோறா, பலகாரமா?" என்றார்.

வடக்கு மேடையில் ஏதோ டம்ளர் விழுந்த சத்தம். திரும்பிப் பார்த்தால், வசந்தாமணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறாள். தோள் குலுங்குகிறது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் தெற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். ஒரே நேரத்தில் சிரித்தால் பேச்சில் சேர்த்தி இல்லை.

இவர் மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டார். பூண்டை மட்டும் ஒதுக்கி வைத்தார்.

பிப்ரவரி 15, சனி

ஸ்ட்ரைக் நீள்கிறது. பேச்சுவார்த்தை என்கிறார்கள், போகிறார்கள், டீ குடித்துவிட்டு வருகிறார்கள்.

ஆனால் சிக்கனம் ஒரு கலை என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. தினமும் எடுக்கிறேன், தட்டைப்பயறு டப்பா இறங்கவே இல்லை. அரிசியும் அப்படித்தான். படியை விட்டு அள்ளும்போது, போன வாரம் இருந்த அளவேதான் இருக்கிறது. ஃப்ரீசரில் தேங்காய்த் துருவல்கூட இருக்கிறது. கை அளவு தெரிந்து செலவு செய்தால் எதுவும் தீராது என்று சௌமியாவுக்குப் பாடம் எடுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வசந்தாமணி பக்கம் பார்த்தால் தலைகீழ். அவள் பாதியில் பனிக்கட்டிதான் தெரிகிறது. துவரங்காய் டப்பா காணோம். இஷ்டத்துக்கு அள்ளிப் போட்டால் அப்படித்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

சீரகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

வடக்கு மேடையில் நாலு நாளாகக் குக்கர் விசில் அடிக்கவில்லை. கம்பங்கூழும் வெங்காயமும்தான் ஓடுகிறது. பெரிய மாமா (வசந்தாமணி வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சொம்பில் கூழைக் கரைத்து வாசலில் நின்றபடியே குடித்துவிட்டுக் குடோன் பக்கம் போய்விடுகிறார். ஓடாத தறிக்குத் தினமும் எண்ணெய் போடுகிறார்.

பாவமாக இருந்தது. இன்று தட்டைப்பயறுக் குழம்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதிகமாக வைத்தேன் என்று எழுதவில்லை, அதிகமாகிவிட்டது. சௌமியாவிடம் கொடுத்து, "உங்க பெரிப்பாவுக்கு வேணும்னாக் குடு" என்றேன். காலிக் கிண்ணம் திரும்பி வந்தது. கழுவி, துடைத்து, உள்ளே நாலு மோர் மிளகாயோடு. சும்மா கிண்ணத்தைத் திருப்பித் தரக்கூடாது என்கிற மரியாதை மட்டும் அவளுக்குக் குறையாது.

பயறுப் பொட்டலத்தின் வாயை யாரோ தறி நூலால் கட்டியிருக்கிறார்கள். நான் ரப்பர் பேண்டுதான் போடுவேன். முடிச்சு அவிழவே இல்லை, கத்தரிக்கோலால் வெட்டினேன். இவரைக் கேட்டால், "உன்ர பயறக் கட்டறதுதான் எனக்கு வேலையா?" என்கிறார். செய்துவிட்டு இல்லை என்பது இவருக்கு வழக்கம்தான்.

பிப்ரவரி 22, சனி

பழைய இரும்பு வாங்குகிற ஆள் ஒருவர் வந்தார். குடோனில் இடப்பக்கம் இருக்கிற நாலு தறியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். இடப்பக்கம் பெரிய மாமாவுடையது.

இவர் பின்னாலேயே போய்விட்டு வந்து வாசல் திண்டில் உட்கார்ந்தார். நான் கேட்டேன்.

"அண்ணன் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில வேலைக்குச் சொல்லி வெச்சிருக்குது. ரூமும் அவங்களே குடுக்கறாங்களாம். மூணாந்தேதி லாரி வருது. தறிய எடை போட்டு எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. அதோட அவங்களும் கெளம்பறாங்க."

"உங்ககிட்ட எப்பச் சொன்னாரு?"

"இப்பத்தான். ஸ்ட்ரைக் ஆரம்பிச்ச அன்னைக்கே முடிவு பண்ணீட்டாங்களாம்."

"நம்ம நாலு தறி?"

"பாவு உருளையத் தூக்கி மாட்ட ரெண்டு ஆளு வேணும். ஒத்தையா நின்னு நான் எத்தன நாளைக்கு ஓட்டறது?" என்றவர், கொஞ்சம் கழித்து, "தறி கெடக்குது. அண்ணன் இல்லாத குடோனுக்குள்ள நான் எப்படிப் போவேன்?" என்றார்.

எனக்கென்ன. போகிறவர்கள் போகட்டும். சமையலறை முழுக்க எனக்கே. ஃப்ரீசர் முழுக்க எனக்கே. ஐஸ் தட்டை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று சௌமியா சொன்னாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் சந்தகை பிழியலாம் என்று புழுங்கலரிசி எடுக்கப் போனேன். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பை. நான் வைத்ததில்லை. வாயில் நூல் முடிச்சு. பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன், பிரிக்கவில்லை. அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அது தெரியும். தறியில் பாவு நூல் அறுந்தால் இரண்டு நுனியையும் பிடித்து ஒரு சுண்டு சுண்டிப் பிணைப்பார்கள். நாங்கள் எல்லாரும் பிணைப்போம். ஆனால் கடுகைவிடச் சின்னதாக, அவிழவே அவிழாமல் பிணைப்பது ஒரே ஆள்தான். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு அதைச் சொல்லித்தரப் பார்த்து, முடியாமல், "நீ போய் நூல் சுத்து சாமி" என்று தலையில் குட்டியவள்.

எழுந்து போய் ஃப்ரீசரைத் திறந்தேன். இடது பாதி காலி. வெறும் காலி இல்லை, துணி போட்டுத் துடைத்து ஈரமில்லாமல் வைத்திருந்தது, வீட்டைக் காலி செய்கிறவர்கள் கூட்டிவிட்டுப் போகிற மாதிரி. வலது பாதியில் கை நுழையவில்லை. என் டப்பாக்களுக்கு அடியில் அவள் துவரங்காய். அவள் தேங்காய். இஞ்சி பூண்டு விழுது.

என் சிக்கனக் கலை!

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய் வடக்கு மேடையில் டம்மென்று வைத்தேன். பாத்திரத்தோடு பேசவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே பேசினேன்.

"இதென்னக்கா?"

இரண்டு வருஷத்துக்கப்புறம் நான் கேட்ட முதல் கேள்வி. அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அரிசி."

"தெரியுது. எம்பக்கம் எதுக்கு வந்துச்சு?"

"கெளம்பற ஊட்டுல சாமானத்த வெச்சுட்டுப் போனா வண்டு புடிக்கும். ரூமு சின்னது. எங்க கொண்டி வெக்கறது?"

"சொல்லிட்டுக் குடுக்கறதுக்கென்ன?"

"சொன்னா வாங்குவியா நீ?"

வாங்கியிருக்க மாட்டேன். அவளுக்கு என்னைத் தெரிந்த அளவு எனக்கே தெரியாது.

"அதுக்குன்னு நீங்க கூழக் குடிச்சுக்கிட்டு..."

"கூழு ஒடம்புக்கு நல்லதுடி" என்று சொல்லிவிட்டு, அரிசிப் பையை எடுத்துப்போய் என் மேடையிலேயே மறுபடி வைத்தாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

போகாதீங்க என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தைதான். காலையிலிருந்து நாலு தரம் வடக்கு மேடைக்குப் போனேன். ஒரு தரம் உப்பு கேட்டேன், ஒரு தரம் தீப்பெட்டி. மற்ற இரண்டு தரம் சும்மா நின்றுவிட்டு வந்தேன். "என்ன வேணும்?" என்றாள். "ஒண்ணுமில்லீங்க்கா" என்றேன்.

எந்த முகத்தோடு சொல்வது? தனி அடுப்பு வேண்டும் என்று கிளம்பினவள் நான். அவர்கள் தனி ஊருக்குப் போகும்போது நிற்கச் சொல்ல எனக்கென்ன இருக்கிறது? அண்ணனும் தம்பியும் அதற்கு மேல். குடோனில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தறியைத் துடைக்கிறார்கள். ஒருத்தர் வாயையும் காணோம்.

அவள் இல்லாவிட்டால் நான் யாரைப் பார்த்து ஜாடை பேசுவேன்? இந்த இரண்டு வருஷமும் நான் செய்த ஒவ்வொரு குழம்பையும் அவள் மூக்குக்காகவேதான் தாளித்திருக்கிறேன். இதை எழுதிவிட்டேன், சொல்லத்தான் முடியவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

என் அடுப்பை விற்றுவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு தம்பி புதிதாக டீக்கடை போடுகிறான். பழைய அடுப்பு தேடுகிறான் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னாள். வரச் சொல்லி, டியூபைக் கழற்றித் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இவர் வெளியே போயிருந்தார். சிலிண்டரை மட்டும் உருட்டிக்கொண்டு போய் வடக்கு மேடைக்குக் கீழே அவளுடையதற்குப் பக்கத்தில் நிறுத்தினேன். தெற்கு மேடையைத் துடைத்துவிட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

துணி காயப்போட்டுவிட்டு வந்தவள் என்னைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள்.

"அடுப்பு எங்கடி?"

"வித்துட்டேன்."

"ஏன், காசில்லியா? எங்கிட்டக் கேக்கறதுக்கென்ன?"

"அதுக்கில்லீங்க."

"அப்பறம் எதுக்குடி? உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? புள்ள பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா என்னத்தக் குடுப்ப? சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"நீங்க ஆக்குவீங்க."

"நான் மூணாந்தேதி கெளம்பறேன்."

"கெளம்புங்க. இந்த ஊட்டுல இப்ப ஒரே அடுப்புதான் இருக்குது. அதையும் லாரில ஏத்திக்கிட்டுக் கெளம்புங்க. நாங்க கம்ப ஊற வெச்சுத் தின்னுக்கறோம்."

இவ்வளவையும் நன்றாகத்தான் சொன்னேன். கடைசியில்தான் குரல் கெட்டுவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தோளில் ஒரு அடி வைத்தாள், நல்ல அடி. "எந்திரி. மேடை மேல உக்காரக்கூடாதுன்னு எத்தன தரம் சொல்லீருக்கறேன்" என்றாள்.

அரிசியும் பருப்பும் வைத்தாள். சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். ஆறு பேருக்குச் சோறு ஆக்கிவிட்டு, ஐந்து பேர்தான் என்று அப்புறம் ஞாபகம் வந்தது. ஹாஸ்டலில் இருக்கிற பையனையும் சேர்த்துப் போட்டுவிட்டாளாம். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த ஆறாம் ஆள் சோற்றை அண்ணனும் தம்பியும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெரிய மாமா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கூழு நல்லதுதான். ஆனாலும்..." என்றார். இவர் சிரித்தார்.

போகவில்லை என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

சொல்லவில்லை.

மார்ச் 1, சனி

காலையில் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பினாள். திருப்பூருக்கு ரூம் பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்கத் தைரியம் இல்லை. மத்தியானம் திரும்பி வந்தாள். பை நிறைய நாரத்தங்காய்.

"வாய்க்காலோரத் தோட்டத்துல கொட்டிக் கெடக்குது. பறிக்க ஆளில்லியாம். வேணும்ங்கற அளவு எடுத்துக்கச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். சுருள் சுருளாக நறுக்கி உள்ளே உப்பைத் திணித்தாள். பரணில் இருந்த பெரிய ஜாடியை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். கல்லுப்பு கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

லாரி வந்தது.

இரும்புக்காரர் இரண்டு ஆட்களோடும் தராசோடும் இறங்கினார். இவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். பெரிய மாமா குடோன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டுக்கிட்டவே நிற்கிறார், திறக்கவில்லை. நான் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா ஜாடியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். மூடியைத் துணியால் வேடு கட்டி வைத்துவிட்டு, உப்புக் கையோடு வாசலுக்குப் போனாள்.

"ஏனுங்க, இப்பக் குடுக்கறாப்பல இல்லீங்க. நாரத்தங்கா போட்டிருக்குது."

இரும்புக்காரருக்குப் புரியவில்லை. "நாரத்தங்காய்க்கும் தறிக்கும் என்னங்கம்மா?"

"அது ஊறோணும், அப்பறம் காயோணும், மறுக்கா அதே தண்ணில போட்டு ஊறோணும். தெனமும் குலுக்கி விடோணுமுங்க. நான் கெளம்பிப் போயிட்டா எல்லாம் பூசணம் புடிச்சுரும். எங்க சின்னவளுக்கு ஊறுகாப் பக்குவம் தெரியாது."

"அதுக்குள்ள உங்க ஸ்ட்ரைக் முடிஞ்சுருமுங்க."

"முடியட்டுமுங்க. முடிஞ்சா ஓட்டறோம்."

அவர் பெரிய மாமாவைப் பார்த்தார். பெரிய மாமா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அவதான் சொல்லீட்டாளே. வந்தது வந்தீங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

எங்கள் அம்மா வீட்டில் வருஷா வருஷம் நாரத்தங்காய் போடுவது நான்தான். ஊரே வந்து வாங்கிக்கொண்டு போகும். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே போய் மோர் கரைத்தேன்.